கடலடியில் ஏது கரண்ட்?

கல்பேனித் தீவு, லட்சத்தீவுகள்
26 ஜனவரி 2025

அறிவு,

தீபாவளிக்கு வந்து சண்டை போட்டுவிட்டுக் கிளம்பினேனே, அதற்குப் பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. இங்கே இப்போது போன் நன்றாகவே எடுக்கிறது. ஆனாலும் போன் வேண்டாம். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று வாக்கியம் பேசிவிடுகிறாய். பெண்டாட்டி பேச்சைக் கணவன் முழுசாகக் கேட்க வேண்டுமானால் இப்படிக் கப்பலில்தான் அனுப்ப வேண்டும் போலிருக்கிறது.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். ராசியாகிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

போன வருடம் தீவுக்கு மேற்கே கடலடியில் ஒரு மைக்கைக் கட்டி இறக்கினோம் என்று சொல்லியிருந்தேன். அதைப் போன வாரம் மேலே எடுத்தோம். சிப்பியும் பாசியும் ஒட்டி, அடையாளமே தெரியவில்லை. படகோட்டி கோயா அதைக் கத்தியால் சுரண்டிச் சுரண்டித் திறந்தார். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஏப்ரல் மாதக் கார்டை அன்று மாலையே லேப்டாப்பில் போட்டுக் கேட்டேன். இருக்கிறது அறிவு. நீலத் திமிங்கலம். இரண்டு வருடமாக எதற்காக இந்தத் தீவில் உட்கார்ந்திருக்கிறேனோ, அது என் காதில் பாடிற்று.

மறுநாள் படகு சாய்ந்ததில் லேப்டாப்பும் மற்ற மாதக் கார்டுகளும் உப்புத் தண்ணீர் குடித்துச் செத்துப்போயின. ஏப்ரல் கார்டு என் சட்டைப் பையில் இருந்ததால் பிழைத்தது. அதைத்தான் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சூரை மீன் படகுகளின் இன்ஜின் சத்தம் மேலே ஏறியிருக்கிறது. அதைக் குறைத்துத் தா. சினிமாவுக்குச் சவுண்ட் எஃபெக்ட்ஸ் செய்கிறவனைக் கட்டிக்கொண்டதற்கு இந்த ஒரு லாபமாவது கிடைக்கட்டும்.

மே மாதம் கொச்சியில் எங்கள் திட்டக் குழு கூடுகிறது. இந்த ஒலியைப் போட்டுக் காட்டினால் வேலையை ஐந்து வருடத்துக்கு நீட்டிப்பார்கள். இல்லையென்றால் ஜூனில் மூட்டை கட்ட வேண்டியதுதான். தீபாவளியன்று நீ கேட்டாயே, “ரெண்டு வருசமா அங்க குந்திக்கினு கீறியே, ஒரு திமிங்கலத்தையாவது கண்ணால பாத்தியா?” என்று. பார்க்கவில்லை என்பது உண்மை. அதனால்தான் பதில் சொல்ல முடியாமல் பெட்டியைக் கட்டினேன். இப்போது பதில் வந்திருக்கிறது. நீயே கேட்டுக்கொள்.

ஜானகி

*

அபிராமபுரம், சென்னை
12 பிப்ரவரி 2025

அன்புள்ள ஜானகிக்கு (நீ ராசியாகாவிட்டாலும் எனக்கு அன்புதான்),

கார்டு வந்தது. அன்றைக்கே வடபழனி ஸ்டுடியோவுக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒரு சண்டைப் படத்துக்கு முருங்கைக்காய் ஒடித்து எலும்பு முறியும் சத்தம் எடுத்துக்கொண்டிருந்தோம். அதை அப்படியே போட்டுவிட்டு உன் கடலுக்குள் இறங்கிவிட்டேன். முதலாளி குலாம் முகம்மது பாய் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாபா, பொண்டாட்டி லெட்டர் போட்டுச்சா? மூஞ்சில லைட்டு எரியுது” என்றார்.

படகு இன்ஜினை எடுத்துவிட்டேன். அது பெரிய வேலையில்லை. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. உங்கள் கருவியில் எர்த் சரியில்லை ஜானகி. முதலிலிருந்து கடைசிவரை அடியில் ஒரே கரண்ட் ஹம். மூன்று மூன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை ஏறுகிறது, அரை நிமிடம் அப்படியே நிற்கிறது, இறங்குகிறது. பழைய ஃப்ரிட்ஜ் ஓடி ஓடி நிற்குமே, அதே மாதிரி. கல்பேனியில் வோல்டேஜ் அந்த லட்சணம் என்று நினைக்கிறேன். எங்கள் தொழிலில் ஹம் என்றால் முதல் எதிரி. ஒரு பொட்டு விடாமல் வழித்து எடுத்துவிட்டேன்.

இப்போது கேள். கண்ணாடி மாதிரி இருக்கிறது தண்ணீர். இறால்கள் கடுகு பொரிவதுபோல் பொரிகின்றன. அதற்கு மேலே உன் திமிங்கலம் விசிலடிக்கிறது பார், அப்பா! அவ்வளவு பெரிய உடம்புக்கு இவ்வளவு மெல்லிய குரலா என்று பாய்கூட ஆச்சரியப்பட்டார். கார்டில் இடம் போதாததால் பழையதை அழித்துவிட்டு, சுத்தம் செய்ததையே ஏற்றியிருக்கிறேன். கோயாவிடம் சொல்லி எர்த் வயரை மாற்று.

வேலை செய்யும்போதெல்லாம் பட்டினப்பாக்கம்தான் நினைவு. செத்துக் கரை ஒதுங்கிய அந்தத் திமிங்கலத்தைப் பார்க்க ஊரே திரண்டிருந்தது. நான் ஒரு படத்துக்குக் கூட்ட இரைச்சல் எடுக்கலாம் என்று மைக்கோடு வந்தேன். குப்பத்துப் பெண்கள் அதன் நெற்றி எது என்று தெரியாமல் கண்ட இடத்தில் மஞ்சள் பூசிக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். நீ துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு, அளக்கும் டேப்பின் ஒரு நுனியை என்னிடம் நீட்டினாய். “மேடம், இன்னா மீனு இது?” என்றேன். “மீன் இல்லை. பாலூட்டி. டேப்பைத் தொங்கவிடாம பிடிங்க” என்றாய். அதுதான் நீ என்னைத் திட்டிய முதல் தடவை. அந்த நாற்றம் என் சட்டையிலிருந்து ஒரு வாரம் போகவில்லை. நானும் துவைக்கவில்லை.

சனிக்கிழமை மயிலாப்பூரில் உன் அம்மாவைப் பார்த்தேன். “மாப்பிள்ளை, ஆத்துக்கு வரவா எல்லாரும் அவ எங்கேன்னு கேக்கறா. திமிங்கலத்தோட இருக்காள்னு சொன்னா சிரிக்கறா” என்றார். நான் சிரிக்கவில்லை. அடுத்த தெருவில் இருக்கிறாய் என்பதுபோல் நடித்துக்கொண்டிருக்கிறேன்.

அறிவு

*

கல்பேனி
1 மார்ச் 2025

அறிவு,

கடலடியில் ஏது கரண்ட்?

எந்த எர்த்? எந்த வோல்டேஜ்? அந்தக் கருவி ஓடுவது பேட்டரியில். சுற்றிலும் கரையே தெரியாத கடல். அங்கே போய் எந்த மின்வாரியம் லைன் இழுத்தது? உன் கடிதத்தைப் படித்தபோது முதலில் சிரித்தேன். வழக்கமான கேலி என்று நினைத்தேன். பிறகு கார்டைப் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்டேன். நம்பாமல் முதலிலிருந்து மறுபடி போட்டுக் கேட்டேன்.

நீ மெச்சிய அந்த விசில் ஓங்கில்களுடையது. டால்பின்கள். அவை இங்கே தெருநாய்கள் மாதிரி, தினமும் பார்க்கலாம். நீ ஒரு பொட்டு விடாமல் வழித்து எடுத்தாயே, மூன்று மூன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி, அரை நிமிடம் நின்று, இறங்கிற்று என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் நீலத் திமிங்கலம். எவ்வளவு சரியாகக் கேட்டிருக்கிறாய்! நான் ஆய்வுக் கட்டுரையில் எழுத வேண்டிய வர்ணனையை நீ எழுதியிருக்கிறாய். எழுதிவிட்டு அதைக் குப்பையில் போட்டிருக்கிறாய்.

இரண்டு மாநகரப் பேருந்தை வரிசையாக நிறுத்தின நீளம் அதற்கு. அந்த உடம்பிலிருந்து விசில் வருமா? அதன் குரல் அடித்தொண்டைக்கும் அடியில். பாதி நம் காதுக்கே எட்டாது, நெஞ்சில்தான் படும். எட்டுகிற பகுதி இந்திய மின்சாரத்தின் ரீங்காரத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது. அது உன் தலையெழுத்தா என் தலையெழுத்தா தெரியவில்லை. அவ்வளவு கீழான குரல் தண்ணீரில் நூறு மைல் தாண்டிப் போகும். பாடுவது ஆண் மட்டும் என்கிறார்கள். பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் பாடுகிறது. கேட்க யாராவது இருப்பார்கள் என்று நம்பித்தான் பாடுகிறதோ என்னவோ.

லேப்டாப் சாவதற்கு முந்தின மாலை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஹெட்போனைக் கழற்றிக் கோயாவின் காதில் வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கடலில் தனியாக வலை போடும்போது படகின் அடிப்பலகை இப்படி அதிர்ந்ததுண்டு என்றும், அது என்னவென்று வாப்பாவிடம் கேட்டபோது அவருக்கும் தெரியவில்லை என்றும் சொன்னார்.

உன் ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் ஒரிஜினல் கட்டாயம் இருக்கும். நீ வேலை செய்தது பிரதியில்தானே? அதை உடனே அனுப்பு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஜானகி

*

அபிராமபுரம்
14 மார்ச் 2025

ஜானகி,

எழுத வேண்டாம் என்றாய். எழுதாமல் எப்படி?

ஒரிஜினல் இல்லை. ஒரு படத்தின் வேலை முடிந்ததும் டிரைவைத் துடைத்துவிட்டு அடுத்த படத்தை ஏற்றிவிடுவோம். எங்கள் எல்லா ஸ்டுடியோவிலும் அப்படித்தான். சுத்தம் செய்ததுதான் எங்களுக்கு ஒரிஜினல். அழுக்கை யார் பத்திரப்படுத்துவார்கள்? உன் கடிதம் வந்த அன்றே பாயிடம் கேட்டேன். “பாய், ஜானு அனுப்பின கடல் சவுண்டு எங்கியாச்சும் காப்பி கீதா?” “கடலா? எங்கிட்ட கடல் ஏதும் இல்லபா” என்றார். அந்த டிரைவைப் பிடுங்கிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஓடினேன். அழிந்ததை மீட்கிறவர் ஒருவர் இருக்கிறார். மூன்று நாள் வைத்துப் பார்த்துவிட்டு, “இதும் மேல மூணு படம் ஏறிப் போச்சு சார், ஒண்ணியும் இல்ல” என்று கையில் கொடுத்துவிட்டார். அவர் கடை வாசலில் ஸ்கூட்டரைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு கடையில் ஜெனரேட்டர் ஓடியது. அந்த ஹம்மைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. சிரிக்காதே.

எனக்குத் திமிங்கலப் பாட்டு என்றால் டிவியில் வருகிற மாதிரி, இழுத்து இழுத்துப் பாடுவதுதான். அது வேறு இனம் என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். முன்பே கேட்டிருக்கலாம். நீ எத்தனையோ தடவை சொல்ல வந்தாய். நான் எடிட் டேபிளில் ஹெட்போனோடு இருந்தேன், அல்லது பேசிக்கொண்டிருந்தேன்.

ஜானு, திட்டக் குழு என்ன சொன்னாலும் சரி. எப்படியும் ஜூனில் வந்துவிடுவாய் அல்லவா? மாடி அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். உன் மேசையை ஜன்னலோரம் போட்டுவிட்டேன். ராத்திரிச் சாப்பாடு ஆனபின் பறக்கும் ரயில் போகிற சத்தத்தை வைத்து அது மந்தைவெளியில் நின்றதா நிற்காததா என்று நாம் பந்தயம் கட்டுவோமே. இப்போதெல்லாம் நான் தனியாகக் கட்டி, நானே ஜெயித்து, நானே தோற்கிறேன். ஒரு சுவாரசியமும் இல்லை.

மன்னித்துவிடு.

அறிவு

*

கல்பேனி
30 மார்ச் 2025

அறிவு,

வெள்ளையடிக்கச் சொல்லிவிட்டாயா? நல்லது. என்ன வண்ணம்?

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஐந்தாவது தடவையும் அதே கேள்விதான் வருகிறது. அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன். வேண்டுமென்றே செய்தாயா?

அப்படி நினைப்பது அசிங்கம் என்று எனக்கே தெரிகிறது. ஆனால் நீயே பார். அந்த ஒலி இருந்தால் நான் இங்கே ஐந்து வருடம். இல்லாவிட்டால் ஜூனில் வீடு. அழித்தது நீ. அழித்த கையோடு சுண்ணாம்பு வாங்கினதும் நீ. வேறு யாராவது இந்தக் கதையை உன்னிடம் சொல்லியிருந்தால் நீயே என்ன சொல்லியிருப்பாய்?

பட்டினப்பாக்கத்தைப் பற்றி எழுதியிருந்தாய். உனக்கு அன்று நான் திட்டினது ஞாபகம். எனக்கு வேறு ஞாபகம். டேப்பைப் பிடித்துக்கொண்டு அந்தி சாயும்வரை நின்றாய். வாலிலிருந்து தாடைவரை, துடுப்பிலிருந்து துடுப்புவரை, நான் நகர நகர நீயும் நகர்ந்தாய். ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைமேல் ஈ மொய்த்தது. கூட வந்த என் வகுப்புத் தோழிகள் எல்லாரும் வாந்தி எடுத்துவிட்டு ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். மாநகராட்சி ஜேசிபி குழி வெட்டத் தொடங்கியதும் நான் அழுதுவிட்டேன். யாரோ எனக்குச் சொந்தமானவரைப் புதைப்பதுபோல் இருந்தது. ஏன் அழுகிறேன் என்று நீ கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. மைக்கை அணைத்துப் பையில் வைத்தாய். அவ்வளவுதான். அந்த மனிதரைத்தான் நான் அம்மாவோடு ஒரு வருடம் மல்லுக்கட்டிக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் எங்கே போனார் என்று தெரியவில்லை. அவருக்குப் பதில், வாயைத் திறந்தால் மூடத் தெரியாத ஒருவர் எனக்குக் கிடைத்தார்.

இந்தத் திமிங்கலங்களின் குரல் சுருதி வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்துகொண்டே வருகிறது. உலகம் முழுக்க அப்படித்தான். ஏன் என்று யாருக்கும் தெரியாது. கப்பல் இரைச்சல் என்கிறார்கள் சிலர், வேட்டை நின்றபின் எண்ணிக்கை கூடியதால் கத்த வேண்டியதில்லை என்கிறார்கள் சிலர். போன ஏப்ரலில் அது எந்தச் சுருதியில் பாடியது என்று எனக்குத் தெரியவேண்டும். இனித் தெரியப்போவதில்லை. அந்த வருடம் போய்விட்டது. மறுபடி பாடினாலும் அது இந்த வருடத்துக் குரல்.

ஜூனில் வருகிறேன். வேறு போக்கிடம் இல்லை. ஆனால் ஒன்று, நான் வந்தபின் அந்த வெள்ளையடித்த அறையில் உட்கார்ந்து, நீ பேசுகிறதையெல்லாம் கேட்டுக்கொண்டு, உள்ளுக்குள் தினமும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படி ஒருத்தி உனக்கு வேண்டுமா?

ஜானகி

*

அபிராமபுரம்
16 ஏப்ரல் 2025

ஜானகி,

முதலில் விஷயம். இந்தப் பார்சலில் உள்ள டிரைவைப் பத்திரமாக எடு. உன் திமிங்கலம் கிடைத்துவிட்டது.

எப்படி என்றால், போன வியாழக்கிழமை ஒரு பேய்ப் படத்துக்குக் கடைசி மிக்ஸிங். எஃபெக்ட்ஸ் பாயே நேரடியாகச் செய்தது, நான் சும்மா கூட உட்கார்ந்திருந்தேன். கதாநாயகி பாழடைந்த பங்களாவில் கதவைத் திறக்கிறாள். பேய் இன்னும் வரவில்லை. இசை இல்லை, ஒன்றும் இல்லை. ஆனால் நாற்காலி கைப்பிடி மெதுவாக அதிர ஆரம்பித்தது. பிறகு என் விலா எலும்பு. ஏறிற்று, நின்றது, இறங்கிற்று. டைரக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “பாய், சூப்பர் பாய், உள்ள என்னவோ பண்ணுது” என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“பாய், இன்னா இது ஹம்மு?”

“நீதாம்பா போட்ட. துடைக்கிறதுக்கு முன்னாடி குப்பைல கெடந்துச்சு. நல்ல ஃப்ரிட்ஜ் சத்தமா கீதேன்னு எடுத்து வெச்சேன்.”

விளங்கச் சொல்கிறேன். நாங்கள் இரைச்சலை எடுக்கும்போது மெஷின் ஒலியை இரண்டு கும்பலாகப் பிரிக்கும். வேண்டியது ஒன்று, வேண்டாதது ஒன்று. வேண்டாததைத் துடைப்பதற்கு முன் பாய் தினமும் ஒருமுறை கிளறுவார். ஒரு இரைச்சலையும் வீணாக்க மாட்டார். எடுத்ததை யாரிடமும் சொல்லவும் மாட்டார், வேறு ஸ்டுடியோவுக்குப் போய்விடுமாம். அன்று நான் கடல் சவுண்ட் இருக்கிறதா என்று கேட்டேன். அவரிடம் இருந்ததோ ஃப்ரிட்ஜ். இல்லை என்றுவிட்டார். பொய் சொல்லவில்லை, பாவம். விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “யா அல்லா, இவ்ளோ பெரிய உசுர பேயாக்கிட்டேனேபா” என்றார்.

முழுசும் இருக்கிறது, முதலிலிருந்து கடைசிவரை. உன்னிடம் உள்ள கார்டில் இருப்பது தண்ணீர். இதில் இருப்பது திமிங்கலமும் படகுகளும். இரண்டையும் ஒரே புள்ளியில் தொடங்கி ஒன்றாகச் சேர்த்தால் கடலிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே வரும். இம்மியும் குறையாது. இங்கே ஒரு துண்டைச் சோதித்துப் பார்த்துவிட்டேன், நம்பலாம்.

இப்போது உன் கேள்வி. வேண்டுமென்றே செய்தாயா? இல்லை. எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. அது வேறு குற்றம், அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் டிரைவ் என் கைக்கு வந்தபின் ஒரு நாள் முழுக்க அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது வேண்டுமென்றேதான். இதை அனுப்பாவிட்டால் ஜூனில் நீ வருவாய். பாய் வாயைத் திறக்க மாட்டார். எதிரே மாடிப்படி, மேலே சுண்ணாம்பு வாசம் போகாத உன் அறை. மூன்று வேளையும் அதன் முன்னால்தான் சாப்பிட்டேன், ஜானகி. நீ எனக்கு அவ்வளவு வேண்டும். தனியாக இருந்து இருந்து, சமையலறைக் குழாயிடம்கூடப் பேச ஆரம்பித்துவிட்டேன். சாயங்காலம் ஹெட்போன் போட்டு ஒருமுறை கேட்டேன். வேலையாக இல்லாமல், சும்மா. அது ஏறி, நின்று, இறங்கியபின் மூன்று நிமிடம் ஒன்றும் இல்லை. முன்பு நான் அந்த மூன்று நிமிடத்தைக் கத்தரித்துத் தள்ளியிருப்பேன். அன்று காத்திருந்தேன். மறுபடி வந்தது. எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டேன். தபால் ஆபீஸ் மூடியிருந்தது. அதனால் இன்று.

கொச்சிக்கு அனுப்பு. ஐந்து வருடம் வாங்கு. படம் ஆகஸ்டில் வருகிறது. பேய் வருகிற இடங்களில் அதைப் போடலாமா கூடாதா என்று நீ சொல். பாய் உன் உத்தரவுக்குக் காத்திருக்கிறார். நானும்தான்.

அறிவு

*

கல்பேனி
8 மே 2025

அறிவு,

கூட்டம்வரை காத்திருக்கவில்லை. சேர்த்த ஒலியைக் கொச்சிக்கு அனுப்பிய நான்காம் நாளே குழுத் தலைவர் அனந்தராமன் சார் கூப்பிட்டுவிட்டார். ஐந்து வருடம். கையெழுத்துப் போட்டாயிற்று.

போடுவதற்கு முன் ஒன்று கேட்டேன். ஜூனிலிருந்து செப்டம்பர்வரை இந்தக் கடலில் படகு இறக்க முடியாது. எடுத்து வந்த ஒலிகளை உட்கார்ந்து கேட்கிற வேலைதான். அதைச் சென்னையில் என் வீட்டில் உட்கார்ந்து கேட்கலாமா என்றேன். “இதை ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை?” என்றார். அதுதான் உண்மை, அறிவு. இரண்டு மழைக்காலமும் நான் கேட்டிருந்தால் அனுப்பியிருப்பார்கள். எனக்குத்தான் அந்த வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லை. வேலை என்று உன்னிடம் சொன்னேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன்.

நீ அந்த டிரைவை மேசையிலேயே வைத்திருந்தால் நான் ஜூனில் வந்திருப்பேன், தோற்றுப்போய். இப்போதும் வருகிறேன், ஆனால் எனக்கு வரவேண்டும் போலிருப்பதால் வருகிறேன். மாத முடிவில் கப்பல். கொச்சியிலிருந்து ரயில் பிடித்து விடிந்ததும் சென்ட்ரல். நாற்றமெடுக்கும் சிப்பி ஒட்டிய கருவி ஒன்றையும் தூக்கிக்கொண்டு வருவேன், ஆட்டோக்காரர் சண்டை போடுவார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வராதே.

பேய்ப் படத்திலிருந்து அதை எடுக்கச் சொல். பாய் கோபித்துக்கொண்டால் நான் வந்து சமாதானம் செய்கிறேன். நிஜ ஃப்ரிட்ஜ் வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும்.

இனி உன்னிடம் மட்டும் சொல்ல வேண்டிய ஒன்று. நீ அனுப்பியதைக் கார்டோடு சேர்ப்பதற்கு முன் தனியாகவும் கேட்டேன். இறால் பொரிகிற சத்தம் எல்லாம் என்னிடம் இருக்கும் கார்டில் தங்கிவிட்டதால், படகுகள் ஓய்ந்த இரவு நேரத்தில் உன் குப்பையில் அடிக்குரல்கள் மட்டும் துலக்கமாக இருந்தன. கல்பேனியில் முதல்முறை கேட்டபோது எனக்குக் கிடைக்காத ஒன்று அதில் கிடைத்தது. நம் திமிங்கலம் பாடி நிறுத்துகிற அந்த மூன்று நிமிட இடைவெளியில், வெகு தொலைவில், இருக்கிறதா இல்லையா என்கிற அளவில் இன்னொரு குரல். ஒருமுறை என்றால் சந்தேகப்பட்டிருப்பேன். விடியும்வரை விட்டுவிட்டு வருகிறது. நூறு மைலுக்கு அப்பால் இன்னொன்று இருந்திருக்கிறது.

கட்டுரையில் ‘இரண்டாவது குரல்’ என்று மட்டும்தான் எழுதப்போகிறேன். ஒன்று பாடியதற்காகத்தான் மற்றது பாடியது என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் இல்லை. அனந்தராமன் சாரே கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்வேன். உனக்குச் சொல்கிறேன். அது பதில்தான்.

ஜானகி